நார்வே கப்பல் பயணம்: கரையில் இறங்கும் செலவுக்கு எஃப்.டி.யை உடைக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஈரோட்டில் இருக்கிறோம். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகன், ஜூனில் சவுத்தாம்டனிலிருந்து கிளம்பும் 7 இரவு நார்வே கப்பல் பயணத்துக்கு எங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டான். கரையில் இறங்கும் நாட்களின் செலவையாவது நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறேன். கப்பல் நிறுவனம் நடத்தும் சுற்றுலாக்களுக்கு எங்கள் இருவருக்கும் ஃபுளோம் 300, ஓல்டன் 200, கெய்ராங்கர் 260, பெர்கன் 200, ஆக 960 பவுண்டு வருகிறது. சேமிப்புக் கணக்கில் 90,000 ரூபாய்தான் இருக்கிறது. நவம்பரில் முதிர்வடையும் 2 லட்சம் எஃப்.டி.யை உடைத்துவிடலாமா? கைச்செலவுக்கு யூரோ வாங்கிக்கொள்ளச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: எஃப்.டி.யைத் தொடாதீர்கள் அம்மா. முதிர்வுக்கு ஐந்து மாதம் முன்னால் உடைத்தால் வட்டி குறையும், அபராதமும் பிடிப்பார்கள். அதற்கு அவசியமே இல்லை. நான்கு ஊருக்கும் கப்பல் சுற்றுலா எடுக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் தொகை இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

பெர்கனுக்கு 200 பவுண்டு கொடுக்க வேண்டாம். பழைய மர வீடுகள் வரிசையாக நிற்கும் பிரிக்கன், மீன் சந்தை, ஃபுளோயன் மலைக்கு ஏறும் இழுவை ரயில் எல்லாம் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரம். மலை உச்சி 320 மீட்டர்தான். ரயிலில் ஏறி, முழங்கால் ஒத்துழைத்தால் நடந்தே இறங்கலாம். அந்த ஊரில் மழைக்குக் கணக்கே இல்லை. நல்ல மழைக்கோட்டை இங்கேயே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே விலை கண்ணைக் கட்டும்.

கெய்ராங்கருக்கும் அப்படித்தான். ஏழு சகோதரிகள் அருவியைக் கப்பல் ஃபியோர்டுக்குள் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடலுக்குள்) நுழையும்போதே மேல்தளத்தில் நின்று பார்த்துவிடுவீர்கள். அதையே இன்னொரு படகில் போய்ப் பார்க்க எதற்குப் பணம்? ஊருக்குள்ளேயே ஓர் அருவி இரைச்சலோடு இறங்குகிறது. அதன் ஓரமாக 327 படி கட்டியிருக்கிறார்கள், கட்டணம் கிடையாது.

ஓல்டன் வேறு கதை. அங்கே பார்க்க வேண்டிய பிரிக்ஸ்டால் பனியாறு துறைமுகத்திலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கிறது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களாக வண்டி பிடித்துப் போய்த் தாமதமானால் காத்திருக்காது, அடுத்த துறைமுகம் வரைக்குமான செலவு உங்கள் தலையில். இந்த வயதில் அந்தப் பதற்றம் வேண்டாம், இங்கே 200 பவுண்டைத் தாராளமாகக் கொடுங்கள்.

ஃபுளோமில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அங்கே முக்கியம் மலை ரயில், அதன் நிலையம் கப்பல்துறையை ஒட்டியே இருக்கிறது. 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் 866 மீட்டர் உயரத்துக்கு அந்த ரயில் ஏறுகிறது, ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழியில் கியோஸ்ஃபொஸன் அருவிக்கு முன்னால் நிறுத்தி, இறங்கிப் பார்க்க விடுவார்கள். சாரல் முகத்தில் அடிக்கும், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ரயில்காரர்களின் தளத்தில் நேரடியாகச் சீட்டு எடுத்தால் கப்பல் விலையைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் பெரிய கப்பல் வரும் நாளில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கப்பல் கிளம்ப இரண்டு மணி நேரமாவது இருக்கும்போது திரும்பும் வண்டியில் இடம் இருந்தால் நேரடியாக எடுங்கள். இல்லையா, கப்பல் சுற்றுலாவையே எடுத்துவிடுங்கள்.

ஆக, ஓல்டனுக்கும் ஃபுளோமுக்கும் சேர்த்து அதிகபட்சம் 500 பவுண்டு. பவுண்டை 120 ரூபாய் என்று வைத்தால் 60,000. கைச்செலவுக்கு, நார்வே நாணயமான குரோனில், நாளைக்கு 400 குரோன் வீதம் நான்கு நாளைக்கு 1,600 குரோன். குரோனை 9 ரூபாய் என்று வைத்தால் 14,400. சாப்பாடு கப்பலிலேயே கிடைப்பதால் காபி, ஒரு பன், இழுவை ரயில் சீட்டு என்று இது போதும். குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். கார்டுக் கட்டணம் நீங்கலாக மொத்தம் 75,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். உங்கள் சேமிப்புக் கணக்கே தாங்கும், அடுத்த மாத ஓய்வூதியம் வந்து அதை நிரப்பிவிடும்.

யூரோ வேண்டவே வேண்டாம். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரவில்லை. 1972, 1994 என இரண்டு முறை மக்கள் வாக்களித்து மறுத்துவிட்டார்கள். அங்கே புழங்குவது குரோன், அதுவும் பெரும்பாலும் கார்டில்தான். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்குவதென்றால் அதில் குரோன் உண்டா என்று கேளுங்கள். இல்லாத கார்டில் யூரோவை ஏற்றினால் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் போகும். உங்கள் தொகைக்குச் சாதாரண வங்கிக் கார்டே போதும். வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கும் 3.5 சதவீதக் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்தால் 1,000 குரோனுக்கு 370 ரூபாய் சொச்சம்தான். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கி, ஒரு வரம்பும் வைத்துவிடுங்கள்.

கடையில் கார்டைத் தட்டியதும் சில இயந்திரங்கள் "ரூபாயா, குரோனா?" என்று கேட்கும். ரூபாய் பழகிய கணக்கு, கை தானாக அங்கே போகும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒரு தம்பதி 1,800 குரோனுக்குக் கம்பளிச் சட்டை வாங்கிய ரசீதைக் காட்டினார்கள். ரூபாயைத் தொட்டதில், இயந்திரம் போட்ட மாற்று விகிதத்தால் ஏறக்குறைய 900 ரூபாய் கூடுதலாகப் போயிருந்தது. எப்போதும் குரோனையே தொடுங்கள்.

காப்பீடு எடுத்துவிட்டீர்களா? நார்வே உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அதை மட்டும் பார்த்து மலிவான பாலிசி எடுக்காதீர்கள். கப்பல் பயணத்துக்குப் பொருந்துமா, கப்பலிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் பணம் கேட்கும் நேரத்தில் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.

அப்புறம் ஒன்று. நார்வே நேரம் இங்கிலாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கப்பலின் கடிகாரம் எந்த நேரத்தைக் காட்டுகிறது என்று முதல் நாளே கேட்டு, கைக்கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை மகனிடம் பேசும்போது ஃபுளோம் ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.