கிடாரியின் மருக்கள் தாமாக உதிர்வது எதனால்?

கேள்வி: எங்கள் 14 மாதக் கிடாரியின் கழுத்திலும் கண்ணோரத்திலும் காலிஃபிளவர் போன்ற மருக்கள் பெருகியுள்ளன. தாமாக உதிர்ந்துவிடும் என்கிறார்கள். உண்மையா? ஊசி போட்டு விரைவுபடுத்தலாமா?

பதில்: உண்மைதான். பாப்பிலோமா வைரஸால் உண்டாகும் இம்மருக்கள், இளம் மாடுகளில் பெரும்பாலும் சில மாதங்களிலோ ஓராண்டுக்குள்ளோ உதிர்ந்துவிடும். இவ்வைரஸ் தோலின் மேலடுக்கிலேயே தங்குவதாலும், பாதிக்கப்பட்ட செல் தன்னை நோய் எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாள மூலக்கூறுகளை வைரஸின் இ5 என்ற புரதம் செல்லுக்குள்ளேயே தடுத்து வைப்பதாலும், உடல் தொடக்கத்தில் அதை அறியாமலே இருந்துவிடுகிறது.

நாளடைவில் நோய் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் மருவின் அடிப்பகுதிக்குள் திரள்கின்றன. அவை சுரக்கும் சைட்டோகைன்கள், அதாவது ஓர் அணு மற்றோர் அணுவுக்குச் செய்தி அனுப்பும் புரதங்கள், மேலும் பல அணுக்களை அங்கே வரவழைக்கின்றன. அவற்றுள் முதன்மையான இன்டர்ஃபெரான்-காமா, அந்த அடையாள மூலக்கூறுகளின் உற்பத்தியைத் தூண்டுவதோடு, விழுங்கு அணுக்களையும் முடுக்கிவிடுகிறது. இந்நிலையில் மரு காய்ந்து, கறுத்து, நொறுங்கும் தன்மையடைந்து, தடவினாலே கையோடு வந்துவிடும். இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் புதிய தொற்றைத் தடுக்குமே அன்றி, வளர்ந்துவிட்ட மருவைக் கரைப்பதில்லை.

எனவேதான், மருவிலிருந்து தயாரிக்கும் தடுப்பூசி, நோய் வராத மாடுகளைக் காப்பதற்கே ஏற்றது என்பது என் கருத்து. ஊசிக்குப் பின் மரு உதிர்ந்தாலும், அது ஊசியாலா, இயல்பாகவா என்று பிரித்தறிவது கடினம். மாடுகளின் கண் புற்றுநோயில் இன்டர்லியூகின்-2 என்ற சைட்டோகைனைக் கட்டியைச் சுற்றிச் செலுத்தியபோது சிலவற்றில் கட்டி முற்றிலும் மறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. எனினும் அது பண்ணைகளில் வழக்கமாகச் செய்யும் சிகிச்சையன்று.

தாங்கள் உடனே கவனிக்க வேண்டியது வேறு. டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள், மருவை உதிரச் செய்யும் நோய் எதிர்ப்பு அணுக்களின் செய்தித் தொடர்பையே அடக்கிவிடும் என்பதால், வேறு நோய்க்கு மருத்துவரை அழைக்கும்போதும் மருக்கள் இருப்பதை மறவாமல் சொல்லுங்கள். வளரும் பருவத்து மருவை அறுக்காதீர்கள். அது மீண்டும் பெருகக்கூடும். வைரஸ் சிராய்ப்பு வழியே பரவுவதால், இக்கிடாரியைத் தனியே கட்டி, மூக்கணாங்கயிறு, காதடையாளக் கருவி ஆகியவற்றை மற்ற மாடுகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். கண்ணோர மரு புண்ணாகி இரத்தம் கசிந்தாலோ, ஓராண்டு கடந்தும் வளர்ந்துகொண்டே போனாலோ, திசுவை எடுத்துப் பரிசோதிக்குமாறு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.