6,000 கிளிக், 27 பார்சல்: ஓட்டை எங்கே இருக்கிறது?

"அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். ஆணுறை, லூப்ரிகன்ட், மசாஜ் எண்ணெய், உள்ளாடை என்று தம்பதியருக்கான பொருட்களைச் சொந்த வெப்சைட்டில் விற்கிறேன். போன மாதம் விளம்பரத்துக்கு 18,000 ரூபாய் செலவு. 6,000 கிளிக், 41 ஆர்டர். ஒரு ஆர்டர் சராசரியாக 450 ரூபாய். பொருளின் அடக்கம் 200, பேக்கிங்கும் கூரியரும் 90. போட்டதற்கும் வந்ததற்கும் சரியாகப் போகிறது என்று நினைத்தேன், ஆனால் கையில் காசு நிற்கவில்லை. 14 பார்சல் வாங்காமல் திரும்பி வந்துவிட்டது. பாதி விளம்பரம் ரிஜெக்ட் ஆகிறது. ஒரு ஏஜென்சிக்காரர், ஆபாச தளங்களில் போட்டால் 50 காசுக்குக் கிளிக் கிடைக்கும் என்கிறார். இன்னொருவர் வீரிய மாத்திரையும் சேர்த்து விற்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்? என் பெயரைப் போட வேண்டாம்."

பெயரைப் போடவில்லை தம்பி. ஆனால் கடைசியில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. உங்கள் கடைக்கு வருகிறவரும் அதையேதான் கேட்கிறார். 'என் பெயர் வெளியே வராதே?' அந்தக் கேள்விக்கு உங்கள் விளம்பரமும் பதில் சொல்லவில்லை, வெப்சைட்டும் சொல்லவில்லை, வீட்டு வாசலுக்குப் போகும் பார்சலும் சொல்லவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 18,000-ஐ 41-ஆல் வகுத்து, ஆர்டருக்கு 439 ரூபாய் செலவு, 450 ரூபாய் வரவு, சரியாகப் போகிறது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்த 450 உங்கள் லாபம் இல்லை, விலை. அடக்கமும் கூரியரும் போனால் உங்களிடம் நிற்பது 160 ரூபாய். அதுவும் 41 ஆர்டருக்கு இல்லை. 14 திரும்பிவிட்டதால் வாடிக்கையாளர் கையில் சேர்ந்தது 27 மட்டும். 27 தடவை 160 என்றால் 4,320 ரூபாய். அதற்காக 18,000 கொடுத்திருக்கிறீர்கள். திரும்பி வந்த பார்சல்களுக்குப் போக வர ஆன கூரியர் செலவு தனி.

ஆகவே விளம்பரக் கம்பெனியின் ரிப்போர்ட்டில் இருக்கும் 'ஆர்டருக்கு இவ்வளவு' என்ற எண்ணை மறந்துவிடுங்கள். கையில் சேர்ந்து, பணம் வந்த ஆர்டர் ஒன்றுக்கு எவ்வளவு என்பதுதான் எண். உங்களுக்கு அது 667 ரூபாய். உங்களிடம் நிற்பது 160. கிளிக் 3 ரூபாய் என்றால், 53 பேர் வந்தால் ஒருவர் வாங்க வேண்டும், அப்போதுதான் கையைக் கடிக்காது. இப்போது 222 பேருக்கு ஒருவர்தான் வாங்குகிறார். எந்த விளம்பர வித்தைக்காரரும் இதை ஒரே மாதத்தில் நாலு மடங்கு கூட்டித் தர மாட்டார்.

ஆனால் கணக்கை மறுபக்கத்தில் இருந்து பிடியுங்கள். ஆணுறையும் லூப்ரிகன்ட்டும் தீர்ந்துபோகிற சரக்கு. மூன்று மாதத்துக்கு வேண்டியதை ஒரே பெட்டியில் 1,200 ரூபாய்க்குக் கொடுத்தால், அடக்கம் 560, பேக்கிங்கும் கூரியரும் 100 என்று வைத்துக்கொண்டாலும், 540 ரூபாய் நிற்கும். அப்போது 180 கிளிக்குக்கு ஒரு விற்பனை போதும். இன்றைய 222-க்கும் 180-க்கும் நடுவில் இருக்கும் தூரம், குப்பைக் கிளிக்குகளை வெட்டினாலே கிடைத்துவிடும் தூரம். எல்லோரும் பெரிய பெட்டி வாங்க மாட்டார்கள், சரி. பெட்டியை முன்னால் வைத்து, சின்னப் பாக்கெட்டைக் கீழே வையுங்கள். இப்போது நீங்கள் வைத்திருப்பது நேர் எதிர்.

குப்பைக் கிளிக் என்றேனே, அது எங்கிருந்து வருகிறது? ஆனித் தேரோட்டத்தன்று நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளில் கூட்டம் நெருக்கும். அத்தனை பேரும் பாத்திரக் கடைக்கா வந்தார்கள்? உங்கள் ஃபேஸ்புக் விளம்பரத்தின் நோக்கம் 'டிராஃபிக்' என்று இருந்தால், அந்த இயந்திரம் வாங்குகிறவரைத் தேடாது, எதையும் தட்டிப் பார்க்கிறவரைத் தேடிக் கொடுக்கும். 'சேல்ஸ்' என்று மாற்றுங்கள். வாரத்துக்கு 50 விற்பனையாவது நடந்தால்தான் அந்த இயந்திரத்துக்குச் சரியாகப் பிடிபடும். உங்களுக்கு மாதத்துக்கே 41 என்பதால், கூடையில் பொருளைப் போடுவதை அளவாக வைத்துத் தொடங்குங்கள். வெளி ஆப்களில் காட்டும் 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' என்ற இடத்தை அணைத்துவிடுங்கள். கேம் விளையாடும் பிள்ளையின் விரல் தவறிப் பட்டதற்கெல்லாம் நீங்கள் காசு கொடுக்க வேண்டாம். அதிலும் உங்கள் சரக்குக்கு அந்த விரல் பதினெட்டைத் தாண்டிய விரலாக இருக்க வேண்டும்.

கூகுள் தேடல் விளம்பரத்தில் மூன்று விஷயங்களைத் திறந்து பாருங்கள். தேடல் விளம்பரம் தொடங்கும்போதே டிஸ்பிளே நெட்வொர்க்கும் (மற்ற தளங்களிலும் ஆப்களிலும் விளம்பரம் காட்டும் இடம்) தேடல் கூட்டாளித் தளங்களும் (கூகுளோடு சேர்ந்த பிற தேடல் தளங்கள்) தானாகச் சேர்ந்திருக்கும், எடுத்துவிடுங்கள். இடம் என்பதில் 'அந்த ஊரில் இருப்பவர்கள் அல்லது ஆர்வம் உள்ளவர்கள்' என்று இருக்கும், 'இருப்பவர்கள்' மட்டும் போதும். மூன்றாவதுதான் முக்கியம்: மக்கள் உண்மையில் எதைத் தட்டித் தேடி உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியல். இந்தத் தொழிலில் அதைத் திறந்து பார்க்கும்போது சிரிப்பும் வரும், வயிறும் எரியும். படம், வீடியோ, கதை, ஃப்ரீ, வேலை, அர்த்தம் என்று தேடியவர்களுக்கெல்லாம் மூன்று மூன்று ரூபாய் கொடுத்திருப்பீர்கள். அந்தச் சொற்களைத் தமிழிலும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதும் தமிழிலும் எதிர்ச் சொற்களாக, அதாவது தேடினால் உங்கள் விளம்பரம் வரக் கூடாத சொற்களாக, போடுங்கள். வாரம் ஒரு முறை அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள்.

எதை எப்போது நிறுத்துவது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 180 பேருக்கு ஒருவர் வாங்க வேண்டும் என்றால், அதன் மூன்று மடங்கு, அதாவது 540 கிளிக் வரை ஒரு சொல்லோ ஒரு விளம்பரமோ ஒரு விற்பனைகூடத் தரவில்லை என்றால் நிறுத்தலாம். அது தேறாது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நிச்சயமாகச் சொல்ல முடியும். நாற்பது கிளிக்கில் ஒன்றும் விற்கவில்லை என்று பதறி மாற்றுவதும் தப்பு, இரண்டாயிரம் கிளிக் வரை 'பார்ப்போம்' என்று இருப்பதும் தப்பு.

அடுத்து, ரிஜெக்ட். ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் ஆணுறை விளம்பரத்தைத் தடுப்பதில்லை. குடும்பக் கட்டுப்பாடு, பாதுகாப்பு என்ற பக்கமாக, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் காட்ட வேண்டும். இன்பத்தை முன்னால் வைத்தால் நிற்காது. உங்கள் விளம்பர வாசகத்தைப் பார்த்தேன், 'இரவை இனிதாக்க' என்று தொடங்குகிறது. அங்கேயே முடிந்தது கதை. இன்னொன்று, அவர்கள் விளம்பரத்தை மட்டும் பார்ப்பதில்லை, கிளிக் செய்தால் திறக்கும் பக்கத்தையும் பார்க்கிறார்கள். முகப்பில் கவர்ச்சி உள்ளாடைப் படம் இருக்கும்போது, அதற்கு அனுப்பும் ஆணுறை விளம்பரமும் சேர்ந்து அடிபடும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கம், ஆளே இல்லாத சாதாரணப் பொருள் படம், அளவு, விலை. கவர்ச்சிப் படத்துக்குக் கிளிக் வரும். வருகிறவர் படம் பார்க்க வந்தவர், பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

ஒரு முறை வந்தவரைத் துரத்தித் துரத்திக் காட்டும் ரீமார்க்கெட்டிங்கைப் பாலியல் சார்ந்த பொருட்களுக்குக் கூகுள் அனுமதிப்பதில்லை. அனுமதித்தாலும் நான் வேண்டாம் என்றே சொல்வேன். நம் வீடுகளில் ஒரு போன் நாலு பேர் கையில் புழங்குகிறது. அப்பா மத்தியானம் பார்த்த லூப்ரிகன்ட் சாயங்காலம் மகளின் பாட வீடியோவுக்கு நடுவில் வந்து நின்றால், அந்த வீட்டில் உங்கள் கடையின் பெயர் என்ன ஆகும்?

வீரிய மாத்திரை விஷயத்துக்கு வருவோம். 'வாலிப, வயோதிக அன்பர்களே' என்று பஸ் ஸ்டாண்டு சுவர்களில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதனால் அது சட்டப்படி சரியான தொழில் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இல்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் 3-வது பிரிவு, பாலின்பத்துக்கான திறனைக் காக்கும், கூட்டும் என்று சொல்லி எந்த மருந்தையும் விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மூலிகை என்று எழுதினாலும் விதிவிலக்கு இல்லை. ஏற்கெனவே ரிஜெக்ட் ஆகும் கணக்கு, இதைச் சேர்த்தால் மொத்தமாக முடங்கும். விட்டுவிடுங்கள்.

ஆபாச தளங்களில் 50 காசுக் கிளிக் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தச் சந்தை நிஜமானது. எக்ஸோகிளிக், ஜூசிஆட்ஸ் போன்ற நெட்வொர்க்குகள் அதற்கென்றே இருக்கின்றன. வெளிநாட்டில் சட்டப்படி அந்தத் தொழில் செய்கிறவர்கள் அங்கே எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்றால், ஒவ்வொரு தளத்துக்கும், பக்கத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் உள்ள எண்ணை வைத்து விற்பனையைப் பிரித்துப் பார்க்கிறார்கள். தேறாத இடங்களை வெட்டி, தேறியவற்றை மட்டும் தனிப் பட்டியலாக்குகிறார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை தடவைதான் என்று வரம்பு வைக்கிறார்கள். பானர் சலித்துப்போகும் முன் மாற்றுகிறார்கள். தானாகத் திறக்கும் ஜன்னலில் வந்த 'பார்வை'யை ஆள் என்று எண்ணுவதில்லை.

அதெல்லாம் நமக்கு உதவாது. உத்தரகாண்ட் உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2018-இல் தொலைத்தொடர்புத் துறை 827 தளங்களை முடக்கச் சொன்னது. அதன்பின் அங்கே போகிற நம்மூர்க்காரர் பலர், இருக்கும் ஊரை மறைத்து வேறு நாடாகக் காட்டும் விபிஎன் வழியாகப் போகிறார்கள். அதாவது, வண்ணார்பேட்டையில் உட்கார்ந்திருப்பவர் உங்கள் ரிப்போர்ட்டில் சிங்கப்பூர்க்காரராகத் தெரிவார். 'தமிழ்நாட்டில் மட்டும் காட்டு' என்று நீங்கள் போடும் வேலிக்கே அர்த்தம் இல்லை. அந்த இடத்துக்கு ஏற்ற பானர் என்று ஏஜென்சி ஆபாசமாக ஒன்றைச் செய்து உங்கள் கடைப் பெயரில் ஓட்டினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவு உங்கள் பக்கமும் திரும்பும். முதல் தடவைக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பேமென்ட் கேட்வே கணக்கு அதற்கு முன்பே நின்றிருக்கும். அதோடு, அந்த நேரத்தில் அந்தத் தளத்தில் இருக்கிற ஆள் பின்கோடு டைப் செய்கிற மனநிலையிலா இருப்பார்?

இனி அந்த 14 பார்சல். என்னைக் கேட்டால் உங்கள் விளம்பரப் பணம் அதிகமாக ஒழுகுவது இங்கேதான்.

ஆர்டர் போட்டவர் ஏன் வாங்கவில்லை? பணம் இல்லாமல் இல்லை. களக்காட்டிலோ அம்பாசமுத்திரத்திலோ ஒரு தெரு. கூரியர் பையன் வழி கேட்டுப் பக்கத்து வீட்டில் நிற்கிறான். 'என்ன பார்சல்?' என்று அவர்கள் அட்டையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். உங்கள் கடைப் பெயரோ 'காதல்' என்று தொடங்குகிறது. அந்தப் பையன் போன் செய்யும்போது, வீட்டில் மாமியார் பக்கத்தில் இருக்க, மனிதர் 'நான் ஆர்டரே போடலையே' என்று வைத்துவிடுகிறார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

அனுப்புநர் இடத்தில் கடைப் பெயர் வேண்டாம். உங்கள் நிறுவனத்தை இரண்டு எழுத்தில் சுருக்கிய சாதாரணப் பெயர் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு அதைப் போடுங்கள். வங்கிக் கணக்கிலும் யுபிஐ செய்தியிலும் அதே பெயர் வரட்டும். பழுப்பு அட்டைப் பெட்டி, குலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு உள்ளே காகிதம். விருப்பப்பட்டால் கூரியர் அலுவலகத்திலேயே நேரில் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழி வையுங்கள். சின்ன ஊர்க்காரர்கள் அதைத்தான் எடுப்பார்கள். ஆர்டரை உறுதி செய்யப் போன் அடிக்காதீர்கள், குறுஞ்செய்தி போதும், அதிலும் பொருளின் பெயர் வேண்டாம். முன்பணம் கட்டினால் 40 ரூபாய் குறைவு என்றால், கேஷ் ஆன் டெலிவரியில் விளையாட்டாகப் போடுகிறவர்கள் தானாக விலகுவார்கள்.

இதையெல்லாம் செய்துவிட்டு மூடி வைக்காதீர்கள், காட்டுங்கள். பார்சல் வெளியே எப்படி இருக்கும் என்று ஒரு போட்டோ எடுத்து, விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். 'அனுப்புநர் பெயர் இப்படித்தான் இருக்கும், வங்கியில் இப்படித்தான் வரும்' என்று இரண்டு வரி. விளம்பர வாசகமும் அதுவாகவே இருக்கட்டும். 'சாதாரண அட்டைப் பெட்டியில் வரும், வெளியே கடைப் பெயரோ பொருளின் பெயரோ எழுதியிருக்காது.' ரிஜெக்ட் ஆக அதில் ஒன்றும் இல்லை, வாங்க நினைக்கிறவருக்கு மட்டுமே அது புரியும்.

பெட்டியில் பெயரை மறைக்கலாம், வெப்சைட்டில் மறைக்கக் கூடாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி நிறுவனத்தின் சட்டப் பெயர், முகவரி, தொடர்பு எண், குறைதீர்ப்பு அலுவலர் பெயர் எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். முகவரி இருக்கும் கடையை ஆட்கள் நம்புவார்கள் என்பது கூடுதல் வரவு. பழைய வாடிக்கையாளர்களின் நம்பருக்குப் 'பொங்கல் ஆஃபர்' அனுப்பும் எண்ணம் இருந்தால், முன்கூட்டியே சம்மதம் கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டும்.

கடைசியாக ஒன்று, இதற்குக் கிளிக் காசு இல்லை. கூச்சத்தால் யாரிடமும் கேட்க முடியாத கேள்விகளைத்தான் மக்கள் போனிடம் கேட்கிறார்கள். 'தேங்காய் எண்ணெய் தடவலாமா?' நம் பக்கம் இது எல்லா வீட்டிலும் கைக்கெட்டும் எண்ணெய். லேடெக்ஸ் ஆணுறையோடு தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வாசலைன் எதுவும் சேரக் கூடாது. எண்ணெய் அந்த ரப்பரைப் பலவீனமாக்கிக் கிழிய வைக்கும். தண்ணீர் அடிப்படையிலானதோ சிலிக்கோனோதான் சரி. உங்கள் மசாஜ் எண்ணெய்ப் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இல்லை, முதலில் அதைச் சேருங்கள். லேடெக்ஸ் ஒவ்வாதவர்களுக்கு என்ன இருக்கிறது, அட்டையில் உள்ள மில்லிமீட்டர் எதைக் குறிக்கிறது, காலாவதித் தேதி எங்கே பார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம், நல்ல தமிழில், இளிப்பு இல்லாமல். படங்களைச் சிறிதாக்குங்கள், பாபநாசம் மலையடிவாரத்தில் சிக்னல் ஒரு கோடு இருந்தாலும் திறக்க வேண்டும்.

இந்த மாதம் விளம்பரத் தொகையை 18,000-இல் இருந்து 6,000 ஆக்குங்கள். பெட்டி, அனுப்புநர் பெயர், மூன்று மாதப் பாக்கெட், எதிர்ச் சொற்கள், இந்த நான்கையும் முடித்துவிட்டு அடுத்த மாதக் கணக்கை அனுப்புங்கள். திரும்பி வரும் பார்சல்களின் பின்கோடுகளையும் சேர்த்து எழுதுங்கள்.