நீல எல்இடியும் பிளாங்க் மாறிலியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தொடக்கக் கல்லூரியில் படிக்கும் என் மகள் எல்இடி விளக்குகளை வைத்து வீட்டிலேயே பிளாங்க் மாறிலியைக் கண்டுபிடிக்க முயன்றாள். 20 மில்லிஆம்பியரில் சிவப்பு (630 நானோமீட்டர்) 2.0 வோல்ட் காட்டியது. வோல்ட்டையும் அலைநீளத்தையும் எலக்ட்ரானின் மின்னூட்டத்தோடு பெருக்கி, ஒளியின் வேகத்தால் வகுத்தால் 6.7 × 10⁻³⁴. பாடநூலில் இருப்பது 6.63. நீலம் (470 நானோமீட்டர்) 3.1 வோல்ட், விடை 7.8. சமன்பாடு எல்லா நிறத்துக்கும் ஒன்றுதானே, நீலத்தில் மட்டும் ஏன் உதைக்கிறது? வெள்ளை எல்இடியையும் சேர்த்துப் பார்க்கலாமா?

ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

நான் சந்தேகப்படுவது சிவப்பில் வந்த விடையைத்தான். அது தற்செயலாகப் பொருந்தியிருக்கிறது. கிடையச்சில் அலைநீளத்தின் தலைகீழி, நிலையச்சில் வோல்ட் என்று வைத்து, இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டின் சரிவிலிருந்து மாறிலியைக் கணக்கிடச் சொல்லுங்கள். 10.9 வரும்! தனித்தனியாக 6.7, 7.8, சேர்த்தால் 10.9. அப்படியென்றால் மீட்டர் காட்டும் வோல்ட்டில் வேறு ஏதோ கலந்திருக்கிறது, அதுவும் இரண்டு நிறத்திலும் ஒரே அளவில் இல்லை.

ஒளித்துகளான ஃபோட்டானின் ஆற்றல் பிளாங்க் மாறிலியை அதிர்வெண்ணால் பெருக்கிய தொகை. இதில் எந்தக் குறையும் இல்லை. 630 நானோமீட்டருக்கு 1.97 எலக்ட்ரான்வோல்ட், 470க்கு 2.64. ஆனால் எல்இடியின் இரு கால்களுக்கிடையே உள்ள மின்னழுத்தமும் இதுவும் ஒன்றே என்பது பயிற்சித்தாளுக்காகச் செய்துகொண்ட எளிமை. உள்ளே 10 ஓம் தடை இருந்தாலே 20 மில்லிஆம்பியரில் 0.2 வோல்ட் ஓம் விதிக்குப் போய்விடும். அது வெறும் சூடு. குவாண்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீல எல்இடி காலியம் நைட்ரைடு குடும்பம். அதில் மெக்னீசியம் கலந்த அடுக்கு மின்னோட்டத்தை எளிதில் விடாது. நீலத்தில் இழப்பு கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. 1.97 வோல்ட்டை எட்டுவதற்கு முன்பே சிவப்பு மங்கலாக ஒளிரத் தொடங்கிவிடும். ஆற்றல் அழியாமை விதி உடைந்ததாக நினைக்க வேண்டாம். படிகத்தில் எல்லா எலக்ட்ரான்களும் ஒரே ஆற்றலில் இருப்பதில்லை. வெப்பத்தால் மேலே ஏறி நிற்கும் சிலவற்றிலிருந்து ஒளி வருகிறது. குறையும் ஆற்றலைப் படிகத்தின் சூடு ஈடுகட்டுகிறது. ஆகவே கூர்மையான தொடக்க மின்னழுத்தம் என்று ஒன்று கிடையாது. 'கண்ணுக்கு முதலில் தெரியும்போது குறித்துக்கொள்' என்று சொல்லும் முறை எனக்குப் பிடிக்காது. அது அறையின் இருட்டையும் கண்ணையும் சேர்த்து அளக்கிறது.

செய்ய வேண்டியது, மின்னோட்டத்தை வெகுவாகக் குறைப்பது. 9 வோல்ட் பேட்டரி, அதன் குறுக்கே 10 கிலோஓம் பொட்டன்ஷியோமீட்டர் (திருகித் தடையை மாற்றும் மூன்று கால் கருவி), அதன் நடுக்காலிலிருந்து 100 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக எல்இடி. (சிம் லிம் டவரில் வாங்கலாம். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் நிற்காதீர்கள்.) ரெசிஸ்டரின் குறுக்கே 1.00 வோல்ட் வரும்வரை திருகினால் ஓடுவது சரியாக 10 மைக்ரோஆம்பியர், மைக்ரோஅம்மீட்டர் தேவையில்லை. பிறகு அதே மல்டிமீட்டரை எல்இடிக்கு மாற்றி அளக்கலாம். சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம் என்பதால் அது இழுக்கும் மின்னோட்டம் பொருட்டல்ல. எல்லா நிறத்துக்கும் இதே மின்னோட்டம்.

அடுத்து ரெசிஸ்டரை 10 கிலோஓம், 1 கிலோஓம் என்று மாற்றி, அதே 1.00 வோல்ட்டில் மறுபடியும் அளக்கட்டும். மின்னோட்டம் பத்து மடங்கு கூடும்போது எல்இடி மின்னழுத்தம் 60 முதல் 120 மில்லிவோல்ட் வரை ஏறுவது இயல்பு. அதைத் தாண்டித் துள்ளினால் உள்தடை தலைகாட்டுகிறது என்று பொருள். அந்த அளவைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அலைநீளத்தையும் கடைக்காரர் சொன்னபடி எடுத்துக்கொள்ளாமல் அளப்பது நல்லது. மில்லிமீட்டருக்கு 500 கோடுள்ள விளிம்புவிளைவுக் கீற்றணியில் (நெருக்கமான கோடுகளால் ஒளியை நிறவாரியாகப் பிரிக்கும் தகடு) 630 நானோமீட்டர் முதல் வரிசையில் 18.4 பாகையிலும், 470 நானோமீட்டர் 13.6 பாகையிலும் விழும். இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். கீற்றணியில் ஒளியை முழுக்க அலையாக நடத்தி எடுத்த எண்ணைக் கொண்டுபோய் ஃபோட்டானின் ஆற்றல் கணக்கில் போடுகிறோம். எந்த முரணும் வருவதில்லை.

வெள்ளை வேண்டாம். அது மஞ்சள் பாஸ்பர் (நீல ஒளியை வாங்கி மஞ்சளாக வெளியிடும் பொருள்) பூசிய நீல எல்இடி. அதற்கென்று ஓர் அலைநீளம் இல்லை. சிவப்பு, ஆம்பர், பச்சை, நீலம் போதும். முதல் இரண்டும் பாஸ்பைடு வகை, பின்னிரண்டும் நைட்ரைடு வகை என்பதால் நான்கு புள்ளிகளும் ஒரே கோட்டில் அச்சடித்தாற்போல் அமையாது. கோட்டைப் புள்ளிகளுக்கு நடுவே இழுத்து, சரிவை மட்டும் எடுங்கள். இயற்பியலாளர் மில்லிகன் 1916இல் ஒளிமின் விளைவை (ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவது) வைத்து இதே மாறிலியைப் பெற்றதும் சரிவிலிருந்துதான். உலோகங்களுக்கிடையே எழும் தொடு மின்னழுத்தம் கோட்டை மேலும் கீழும் நகர்த்தும், சரிவைத் தொடாது.

எண்ணே வேண்டாம், கருத்து விளங்கினால் போதும் என்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சிவப்பு எல்இடியின் கால்களில் மல்டிமீட்டரை மட்டும் இணைத்து, எதிரே நீல எல்இடியை எரியவிடச் சொல்லுங்கள். மீட்டரில் மின்னழுத்தம் எழும். பிறகு நீலத்தை மீட்டரில் மாட்டிச் சிவப்பை அதன்மேல் அடித்தால், எவ்வளவு பிரகாசமாக அடித்தாலும் அசையாது. ஒளி வெறும் அலையென்றால் பிரகாசத்தைக் கூட்டி ஈடுசெய்துவிடலாம்; இங்கே ஒவ்வொரு சிவப்பு ஃபோட்டானுக்கும் ஆற்றல் போதாததால் அது நடப்பதில்லை. மீட்டரில் மாட்டும் சிவப்பு எல்இடியின் தலை தண்ணீர்போல் நிறமற்றதாக இருக்க வேண்டும். சிவப்புச் சாயம் கலந்த தலையாக இருந்தால் நீல ஒளியை அதுவே விழுங்கிவிடும், பிறகு இரண்டு பக்கமும் சுழியம்தான்.