குரோனருக்குக் குரோனர்: நோர்வே–சுவீடன் நாணயமாற்று, கேள்வி பதில்

நோர்வே, சுவீடன் குரோனர்களின் பழைய கதையைப் பற்றிக் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்குப் பதில்கள் கீழே. தொடங்குவதற்கு முன் ஒன்று: பழைய அட்டவணைகளில் வீதம் 100 அலகுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். நோர்வே மத்திய வங்கி இன்றும் 100 சுவீடன் குரோனருக்குத்தான் எழுதுகிறது. எந்தப் பக்கம் நின்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி: இரண்டும் இப்போது கிட்டத்தட்ட ஒரே பெறுமதிதானே? எப்போதும் இப்படித்தானா?

இல்லை. இன்று பக்கத்தில் நிற்பது தற்செயல். திட்டம் போட்டு ஒன்றாக்கியது ஒரு தடவைதான். 1873இல் சுவீடனும் டென்மார்க்கும் நாணய ஒன்றியம் அமைத்தன. நோர்வே நாடாளுமன்றம் முதலில் மறுத்தது, 1875இல் சேர்ந்தது. ஒரு கிலோ சுத்தத் தங்கத்துக்கு 2,480 குரோனர், மூன்று நாட்டிலும் அதே கணக்கு. ஒரு நாட்டு நாணயம் மற்ற இரண்டிலும் செல்லும். 1894இலிருந்து நோர்வே, சுவீடன் மத்திய வங்கிகள் ஒன்றின் நோட்டை மற்றது முழுப் பெறுமதிக்கு ஏற்றன. 1901இல் டென்மார்க்கும் அந்த ஏற்பாட்டுக்குள் வந்தது.

1914 ஓகஸ்டில் போர் தொடங்கியதும் மூன்றும் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்தின. அடுத்த வருடமே சுவீடன் குரோனர் மற்ற இரண்டையும் தாண்டி மேலே போனது. போருக்குப் பிறகு சுவீடன் 1924இல் பழைய தங்க அளவுக்குத் திரும்பியது. நோர்வே 1928 மே மாதம் வரை இழுத்தது, அதற்காக மத்திய வங்கித் தலைவர் நிக்கொலாய் ரிக் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல. மறுபடி ஒன்றுக்கு ஒன்று. 1931 செப்டெம்பரில் பிரிட்டன் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை விட்டதும் இவர்களும் விட்டார்கள், அத்தோடு சரி.

கேள்வி: ஸ்டொக்ஹோமில் படிக்கிறேன். கையில் நோர்வே குரோனர் இருக்கிறது. இப்போது மாற்றலாமா, பொறுக்கலாமா?

தம்பி, நான் வரலாறு சொல்கிறவன், ஜோசியன் அல்ல. வாடகை கட்ட வேண்டுமென்றால் மாற்றுங்கள்.

கேள்வி: ஒன்றியம் உடைந்தது போரால் என்கிறீர்கள். 1905இல் நோர்வே சுவீடனிடமிருந்து பிரிந்ததுதானே உண்மையான காரணம்?

நிறையப் பேர் இப்படி நினைக்கிறார்கள். 1905இல் சுவீடன் கோபத்தில் ஒன்று செய்தது உண்மை: மத்திய வங்கிகளுக்கிடையே இருந்த 1885ஆம் ஆண்டுக் கொடுக்கல் வாங்கல் உடன்பாட்டை முறித்தது. பிறகு வந்த உடன்பாடு கட்டணம் அறவிட இடம் கொடுத்தது. ஆனால் தங்க அளவு மாறவில்லை, நாணயங்கள் எல்லை தாண்டுவதும் நிற்கவில்லை.

கேள்வி: டென்மார்க் குரோனர்?

யூரோவுடன் கட்டப்பட்டது. ஒரு யூரோவுக்கு 7.46038 என்பது மைய வீதம். அது வேறு கதை.

கேள்வி (1905 பற்றிக் கேட்டவரே): அரசியல் நம்பிக்கை போனபின் நாணய ஒன்றியம் வெறும் கூடுதானே? போர் வெறும் சாக்கு.

கூடு என்றால் 1916இல் அது சுவீடனை அந்தப் பாடு படுத்தியிருக்காது. போரில் சேராத சுவீடனின் ஏற்றுமதிக்கு நல்ல கிராக்கி. குரோனரின் பெறுமதி அதற்குள் இருக்க வேண்டிய தங்கத்தையே மிஞ்சியது. தங்கத்தைக் கொண்டுவந்து கொட்டினால் உள்ளூரில் விலைவாசி ஏறும் என்று குஸ்தாவ் காசெல், டேவிட் டேவிட்சன் போன்ற பொருளியலாளர்கள் எச்சரித்தார்கள். 1916 பெப்ரவரியில் சுவீடன் மத்திய வங்கி தங்கத்தைக் கட்டாயமாக வாங்கும் கடமையிலிருந்து விடுவிக்கப்பட்டது.

முன்கதவு பூட்டியாயிற்று. பின்கதவு? ஒன்றிய விதிப்படி டென்மார்க், நோர்வே தங்க நாணயங்கள் சுவீடனில் முழுப் பெறுமதிக்குச் செல்லும். மலிவான குரோனரை வைத்திருப்பவன் நாணயமாக அனுப்பினால் இலாபம். அப்படியே அனுப்பினார்கள். சுவீடன் முறையிட்டு, 1917இல் தங்க ஏற்றுமதித் தடையில் போய் முடிந்தது. பிறகு சில்லறைக் காசுகள் அதே வழியில் ஓடின, 1924இல் அவற்றுக்கும் முற்றுப்புள்ளி. வெறும் கூட்டுக்குள் யாரும் தங்கம் அனுப்புவதில்லை.

கேள்வி: இந்த மாதம் மாற்றுவது நல்லதா?

மேலே பார்க்கவும்.

கேள்வி: ஒருகாலத்தில் நோர்வே குரோனர் மிகவும் மலிவு என்று மாமா சொல்கிறார். எப்போது மாறியது?

மாமா சரி. 1946இல் சுவீடன் தன் குரோனரை உயர்த்தி டொலருக்கு 3.60 ஆக்கியது. 1949 மதிப்பிறக்கத்துக்குப் பிறகு (அரசே நாணயத்தின் வீதத்தைக் குறைப்பது) டொலருக்கு நோர்வே 7.14, சுவீடன் 5.17. அதாவது 100 நோர்வே குரோனர் கொடுத்தால் 72 சுவீடன் குரோனர்தான். இருபது வருடத்துக்கு மேல் அப்படியே இருந்தது.

1976இலிருந்து சுவீடன் திரும்பத் திரும்ப மதிப்பிறக்கியது. 1982 ஒக்டோபரில் ஒரேயடியாக 16 சதவீதம். நோர்வேயிடமோ எண்ணெய் இருந்தது. அதற்குப் பிறகு நோர்வே குரோனர் ஒரு சுவீடன் குரோனரைத் தாண்டியது. 1986இல் எண்ணெய் விலை விழுந்து நோர்வே சுமார் 12 சதவீதம் மதிப்பிறக்க, மறுபடி கீழே. 1992 செப்டெம்பரில் குரோனரைக் காப்பாற்ற சுவீடன் ஒரு வட்டி வீதத்தை 500 சதவீதமாக்கியது. அதுவும் பலிக்காமல் நவம்பர் 19இல் மிதக்கவிட்டது, அதாவது வீதத்தைச் சந்தையிடம் விட்டது. நோர்வே டிசெம்பர் 10இல். அதன் பிறகு நோர்வே பெரும்பாலும் மேலே. வேலை தேடி சுவீடன் இளைஞர்கள் ஒஸ்லோவுக்கு வந்த காலம் அது. 2020 மார்ச்சில் எண்ணெயும் கொரோனாவும் சேர்ந்து அடித்ததும் ஒன்றுக்குக் கீழே போனது.

கேள்வி: அண்ணா, நோர்வே குரோனர் விழுந்துவிட்டால் எல்லை தாண்டி சுவீடனின் ஸ்ட்ரோம்ஸ்டாட் போய்ச் சாமான் வாங்குவதில் பிரயோசனம் உண்டா?

உண்டு. இறைச்சியும் பாற்கட்டியும் அங்கே மலிவாக இருப்பதற்கு வீதம் மட்டும் காரணமல்ல. நோர்வே தன் விவசாயிகளைக் காக்க இறக்குமதி வரி போடுகிறது. கடனட்டை இயந்திரம் எந்த நாணயத்தில் என்று கேட்டால் சுவீடன் குரோனரையே அழுத்துங்கள். விலைச்சீட்டில் இரண்டு நாட்டிலும் ஒரே மாதிரி ‘கேஆர்’ என்றுதான் போட்டிருக்கும், தலைக்குள் கணக்கை மறக்காதீர்கள்.

கேள்வி: டொலர் இறங்கினால் மாற்றலாமா?

இந்தக் கேள்விக்கு இனிப் பதில் இல்லை.

கேள்வி: 1910 என்று பொறித்த நோர்வே 10 குரோனர் தங்க நாணயம் ஒன்று கிடைத்தது. பெறுமதி என்ன?

எடை சுமார் 4.48 கிராம், அதில் சுத்தத் தங்கம் சுமார் 4.03 கிராம். இன்றைய தங்க விலையால் பெருக்குங்கள். அதற்கு மேல் சேகரிப்பாளர் எவ்வளவு தருவார் என்பதை நாணய வியாபாரியிடம் கேளுங்கள், ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள். இன்னொன்று, ஆண்டைக் கவனியுங்கள்: பிரிந்து ஐந்து வருடம் கழித்து, சொந்த அரசர் ஏழாம் ஹொக்கோனின் பெயரில் அடித்தது. அப்போதும் எடை சுவீடனின் 10 குரோனர் எடைதான், ஸ்டொக்ஹோமிலும் செல்லும். 1905காரர் இதற்கு ஒரு பதில் எழுதட்டும்.