எஃப்.பி.ஐ. யாருக்காக விசாரித்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பிரெட் கவனாவின் நியமனம் பற்றி நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். பள்ளி மாணவனாக இருந்தபோது தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்று கிறிஸ்டின் பிளேசி ஃபோர்டு 2018இல் குற்றம் சாட்டினார். எஃப்.பி.ஐ. விசாரித்தது, நாடாளுமன்ற மேலவையான செனட் ஒப்புதல் தந்தது. அப்படியானால் அவர் நிரபராதி என்று முடிவாகிவிட்டது என்பதுதானே பொருள்? எல்லாம் கட்சிக் கணக்கு என்கிறார் ஒரு நண்பர். அதுதான் உண்மை என்றால் விசாரணை எதற்கு? மூத்த நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் நம் கொலீஜியம் முறையில் இந்தக் கூத்துக்கே இடமில்லை என்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

‘எஃப்.பி.ஐ. விசாரித்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. நம் ஊரில் சி.பி.ஐ. விசாரணை என்றால் எஃப்.ஐ.ஆர்., சோதனை, குற்றப்பத்திரிகை என்று ஒரு வரிசை மனதில் வரும். 2018இல் நடந்தது அந்த வகை விசாரணையே இல்லை. அது பின்னணிச் சரிபார்ப்பின் தொடர்ச்சி. உயர் பதவிக்கு ஒருவரை முன்மொழியும்போது அவரைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி வெள்ளை மாளிகை எஃப்.பி.ஐ.யைக் கேட்கும். அந்த வேலையில் வெள்ளை மாளிகைதான் வாடிக்கையாளர். யாரை விசாரிப்பது, எதுவரை போவது என்பதை அது சொல்லும், எஃப்.பி.ஐ. செய்யும். குற்ற வழக்கில் ஒரு சாட்சி இன்னொருவரைக் கைகாட்டினால் அதிகாரி அங்கே போகலாம். இதில் வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் அப்படிப் போக முடியாது.

இந்தத் தொடர் சரிபார்ப்புக்கு ஒரு வாரம் கிடைத்ததுகூடத் தற்செயல்தான். செப்டம்பர் 27 அன்று ஃபோர்டும் கவனாவும் செனட் நீதித்துறைக் குழு முன் சாட்சி சொன்னார்கள். மறுநாள் குழு 11-10 என்று பரிந்துரைத்தது. தேர்தலில் மறுபடி நிற்கப்போவதில்லை என்று ஏற்கெனவே அறிவித்திருந்த கவனாவை முன்மொழிந்த அதிபர் டிரம்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த செனட்டர் ஜெஃப் ஃபிளேக் அப்போது ஒரு நிபந்தனை வைத்தார்: ஒரு வாரம் எஃப்.பி.ஐ. பார்க்கட்டும், அதற்குப் பிறகே அவையில் வாக்களிப்பேன். அவையில் அவர் கட்சிக்கு 51 இடங்கள், எதிர்த்தரப்புக்கு 49. அந்த நிலையில் ஓர் ஆள் முரண்டு பிடித்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

அந்த வாரத்தில் எஃப்.பி.ஐ. பேசியது பத்துப் பேரிடம். ஃபோர்டு அதில் இல்லை, கவனாவும் இல்லை. இருவரும் குழு முன் சத்தியம் செய்து பேசிவிட்டார்களே என்பது சொல்லப்பட்ட காரணம். கவனா மீது யேல் பல்கலைக்கழகக் காலத்துப் புகார் ஒன்றைச் சொன்ன டெபோரா ராமிரெஸிடம் பேசினார்கள். ஆனால் அவருடைய வழக்கறிஞர்கள் கொடுத்த இருபதுக்கும் மேற்பட்ட பெயர்களின் பக்கம் போகவில்லை. வந்த அறிக்கை ஒரே ஒரு பிரதி. நாடாளுமன்றக் கட்டடத்தில் பாதுகாக்கப்பட்ட அறை ஒன்றில் அதை வைத்து, இரு கட்சி உறுப்பினர்களும் முறை போட்டுப் படித்தார்கள். வெளியே வந்து ஒரு தரப்பு ‘புதிதாக ஒன்றுமில்லை’ என்றது, மறுதரப்பு ‘தேடவே இல்லையே’ என்றது. இரண்டுமே பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

பொதுமக்கள் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி எண் இருந்தது. கவனா பற்றி 4,500க்கும் மேற்பட்ட தகவல்கள் வந்ததாகவும், பொருத்தமானவை வெள்ளை மாளிகை சட்ட ஆலோசகரிடம் அனுப்பப்பட்டதாகவும் 2021இல் எஃப்.பி.ஐ. செனட்டர்களுக்கு எழுதியது. நியமனம் செய்கிறவரின் அலுவலகத்துக்கே புகார்கள் போய்ச் சேர்ந்தன. இது விதிமீறல் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அந்த ஏற்பாடே அப்படித்தான்.

1991இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கிளாரன்ஸ் தாமஸ் நியமிக்கப்பட்டபோது, அவரிடம் முன்பு வேலை பார்த்த அனிட்டா ஹில் பாலியல் தொல்லைப் புகார் சொன்னார். அப்போது எஃப்.பி.ஐ. சில நாட்களில் வேலையை முடித்தது, ஆனால் இருவரிடமும் நேரில் பேசியது. பிறகு செய்தி கசிந்து, வாக்கெடுப்பு ஒரு வாரம் தள்ளிப்போய், 14 வெள்ளை ஆண்கள் அமர்ந்த குழு முன் ஹில் சாட்சி சொன்னார். தாமஸ் 52-48 என்று தேறினார். அவையில் பெரும்பான்மை எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சிக்கு. அக்கட்சியிலிருந்தே 11 பேர் அவருக்கு வாக்களித்தார்கள். அன்றைய விதிப்படி 41 பேர் பிடிவாதமாக நின்றிருந்தால் ஃபிலிபஸ்டர் மூலம், அதாவது விவாதத்தை முடிக்கவிடாமல் இழுத்தடித்து, நியமனத்தை முடக்கியிருக்கலாம். எதிர்த்தவர்கள் 48 பேர் இருந்தும் ஒருவரும் அந்த ஆயுதத்தைத் தொடவில்லை.

கவனா காலத்தில் அந்த ஆயுதமே இல்லை. கீழ்நிலை நீதிபதிகள் நியமனத்துக்கு ஃபிலிபஸ்டரை 2013இல் ஜனநாயகக் கட்சி நீக்கியது. உச்ச நீதிமன்றத்துக்கும் சேர்த்து 2017இல் குடியரசுக் கட்சி நீக்கியது. விளைவு என்னவென்றால், எதிர்க்கட்சியைச் சமாதானப்படுத்த வேண்டிய தேவை ஒழிந்தது. சொந்தக் கட்சியில் ஊசலாடும் மூன்று நான்கு பேரை ஆற்றுப்படுத்தினால் போதும். 2018 விசாரணையின் ஆழத்தை அளந்து கொடுத்தது இந்த எண்ணிக்கைதான். ஃபிளேக், சூசன் காலின்ஸ், லிசா முர்கோவ்ஸ்கி ஆகியோர் எவ்வளவு கேட்டார்களோ அவ்வளவு விசாரணை. அதற்கு மேல் செலவழிக்க யாருக்கும் காரணமில்லை.

இறுதி வாக்கெடுப்பு அக்டோபர் 6 அன்று, 50-48. இந்த எண்ணைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். முர்கோவ்ஸ்கி எதிர்ப்பவர். ஆதரவாளரான ஸ்டீவ் டெய்ன்ஸ் அன்று மகள் திருமணத்துக்காக மொன்டானாவில் இருந்தார். அவர் இல்லாததை ஈடுகட்ட முர்கோவ்ஸ்கி ‘வந்திருக்கிறேன்’ என்று மட்டும் பதிவு செய்தார். ஜோடி வாக்கு என்ற பழைய மரபு அது. 51-49 என்பது 50-48 ஆனது, இரண்டு வாக்கு இடைவெளி அப்படியே நின்றது. ஜனநாயகக் கட்சியிலிருந்து ஆதரித்தவர் ஜோ மேன்ஷின் ஒருவரே. காலின்ஸ் ஆதரவு அறிவித்த பிறகுதான் அவர் வாய் திறந்தார்.

காலக்கணக்கிலும் இரு தரப்பும் விளையாடியதாகக் குற்றம் சாட்டிக்கொண்டன. ஃபோர்டு தன் கடிதத்தை ஜூலை 30 தேதியிட்டு, ரகசியமாக வைக்கும்படி கேட்டு, நீதித்துறைக் குழுவின் மூத்த ஜனநாயகக் கட்சி உறுப்பினரான டயான் ஃபைன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஃபைன்ஸ்டைன் அதை எஃப்.பி.ஐ.க்குத் தெரியப்படுத்தியது செப்டம்பர் நடுவில், முதல் சுற்று விசாரணையெல்லாம் முடிந்த பிறகு. இப்படிப்பட்ட தகவலைப் பேசுவதற்கென்றே 1991 அனுபவத்துக்குப் பிறகு மூடிய அறை அமர்வு ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள். அங்கேயும் இது எழுப்பப்படவில்லை. ரகசியம் கேட்டவரின் சொல்லைக் காப்பதா, குழுவின் நடைமுறையைக் காப்பதா என்பது நேர்மையான சிக்கல்தான் என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர் ஃபோர்டு. மறுபக்கம், நவம்பர் 6 இடைக்காலத் தேர்தலுக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் குடியரசுக் கட்சிக்கு.

செப்டம்பர் 27 விசாரணையையும் நீதிமன்றக் குறுக்கு விசாரணையாக எண்ணிவிடாதீர்கள். குடியரசுக் கட்சியின் 11 பேரும் ஆண்கள். 1991இன் காட்சி திரும்பாமலிருக்க, அரிசோனாவிலிருந்து ரேச்சல் மிட்செல் என்ற அரசு வழக்கறிஞரை அமர்த்தினார்கள். உறுப்பினருக்கு ஐந்து நிமிடம் என்பது விதி. மிட்செல் ஐந்து நிமிடம் கேட்பார், அடுத்த ஐந்து நிமிடம் எதிர்த்தரப்பு செனட்டர், மறுபடி மிட்செல். ஒரு சாட்சியைப் படிப்படியாகக் கேட்டு உண்மையை வெளிக்கொணர இதைவிட மோசமான அமைப்பு கிடையாது. கவனாவின் முறை வந்து சில சுற்றுகள் போனதும், குடியரசுக் கட்சிச் செனட்டர் லிண்ட்சி கிரஹாம் கொதித்தெழுந்து பேசினார். அதன் பிறகு செனட்டர்களே பேச்சை எடுத்துக்கொள்ள, மிட்செல் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஆக, நிரபராதி என்றும் தீர்ப்பில்லை, குற்றவாளி என்றும் தீர்ப்பில்லை. ஃபோர்டு நூறு சதவீதம் உறுதி என்றார், கவனா முழுமையாக மறுத்தார். அந்த வீட்டில் இருந்ததாக ஃபோர்டு சொன்ன மற்றவர்கள் தங்களுக்கு அப்படி நினைவில்லை என்றார்கள். எந்த அளவுகோலால் எடைபோடுவது என்பதற்கே செனட்டில் விதி கிடையாது. ‘நடக்காததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்’ என்ற அளவையாவது புகார் எட்ட வேண்டும் என்றார் காலின்ஸ், எட்டவில்லை என்று முடிவு செய்தார். வாழ்நாள் பதவிக்கு ஐயமிருந்தாலே மறுக்கலாம் என்றார்கள் எதிர்த்தவர்கள். வேலைக்கு ஆள் எடுக்கும் அளவுகோலா, தண்டிக்கும் அளவுகோலா என்பதுதான் உண்மையான சண்டை. எந்தக் கட்சியும் இதை முன்கூட்டியே எழுதிவைக்க விரும்பாது. நாளை தன் ஆளே அந்த நாற்காலியில் உட்காரக்கூடும்.

கொலீஜியத்தில் கூத்து இல்லை என்கிறாரே உங்கள் நண்பர், அவருக்குப் பி. டி. தினகரனை நினைவூட்டுங்கள். கர்நாடக உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியான அவரை 2009இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொலீஜியம் பரிந்துரைத்தது. திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் நில ஆக்கிரமிப்பு என்ற புகாரை வெளியே கொண்டுவந்தவர்கள் வழக்கறிஞர்கள். அவர் மறுத்தார், பதவி உயர்வு நின்றது, அவரை சிக்கிமுக்கு மாற்றினார்கள். மாநிலங்களவையில் 75 உறுப்பினர்கள் பதவி நீக்கத் தீர்மானத்தில் கையெழுத்திட, விசாரணைக் குழுவும் அமைந்தது. அது முடிவதற்குள், 2011 ஜூலையில், அவர் ராஜினாமா செய்தார். பதவியில் இல்லாதவரை நீக்க முடியாது என்பதால் விசாரணையும் அதோடு நின்றது.

கவனா விவகாரத்திலும் இதேபோல் ஒன்று உண்டு. அப்போது மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாக இருந்த அவருடைய சாட்சியமும் நடத்தையும் பற்றி, கீழ் நீதிமன்ற நீதிபதிகளுக்கான ஒழுங்குச் சட்டத்தின்படி 83 புகார்கள் வந்தன. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் அவற்றைப் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2018 டிசம்பரில் எல்லாமே தள்ளுபடி. புகார்கள் தீவிரமானவை என்று ஒப்புக்கொண்டே, அந்தச் சட்டம் உச்ச நீதிமன்ற நீதிபதிகளுக்குப் பொருந்தாது, அவர் இப்போது அங்கே இருக்கிறார் என்றது ஆணை. அங்கே ஒருவர் மேலே ஏறியதால் கோப்பு மூடப்பட்டது, இங்கே ஒருவர் இறங்கியதால்.