பங்காளிச் சண்டை

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஐந்து, ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன: டிவி தொடர்களின் இணைய ரசிகர் குழுக்கள், அங்கே பொழியும் பாசம், அதே வேகத்தில் நடக்கும் அடிதடி. நானும் அப்படி ஒரு கூட்டத்தில் பல வருஷம் இருந்தவள் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே நீக்கியிருக்கிறேன்.

அக்கா, ஒரு தொடரை நாலு வருஷமாகப் பார்க்கிறேன். எடிட் வீடியோ போடுவேன், எபிசோடு முடிந்த கையோடு பக்கம் பக்கமாக எழுதுவேன். எனக்கு இருக்கும் ஒரே நெருங்கிய தோழியும் அங்கே கிடைத்தவள்தான். இந்த சீசனில் நாயகி யாரோடு சேர வேண்டும் என்பதில் குழு இரண்டாகிவிட்டது. நான் ஒரு பக்கம், அவள் மறுபக்கம். நான் அவளிடம் தனியாகச் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பொதுவில் போட்டுவிட்டாள். முகம் தெரியாதவர்கள் எல்லாம் வந்து திட்டித் தீர்த்தார்கள். இல்லாத மனிதர்களுக்காக நிஜ மனிதர்கள் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறோம்?

தங்கச்சி, 'ஒரு சீரியலுக்குப் போய் அழுகிறாயே' என்று வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள். அதைக் காதில் போட்டுக்கொள்ளாதே. நாலு வருஷம் தினமும் பேசிய ஒருத்தி உன்னை நாலு பேர் முன்னால் நிறுத்திவிட்டாள், அதற்கு அழுகை வராமல் வேறு எதற்கு வரும்?

ஏன் அடித்துக்கொள்கிறோம் என்றால், இது பங்காளிச் சண்டை. வெளியாளோடு வரும் தகராறு ஒரு நாளில் ஆறிவிடும், பங்காளிச் சண்டை தலைமுறை தாண்டியும் நிற்கும், ஏனென்றால் இரண்டு பேரும் கை வைத்திருப்பது ஒரே சொத்தின் மேல். தொடரையே பார்க்காத ஒருவன் வந்து 'மொக்கை' என்றால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே வசனங்களை மனப்பாடமாகத் தெரிந்தவள், அதே காட்சிக்கு நம்மோடு சேர்ந்து அழுதவள், 'அந்தப் பார்வையில் காதல் கிடையாது, அது வெறும் நட்பு' என்று சொல்லும்போதுதான் வயிறு எரிகிறது. அவள் சொல்வது சரியென்றால் நாலு வருஷமாக நாம் பார்த்துக்கொண்டிருந்தது என்ன என்ற கேள்வி உள்ளே எழுகிறது இல்லையா, அந்தப் பயம்தான் வாயில் வசவாக வருகிறது.

இது உன் குழுவில் ஆரம்பித்ததும் இல்லை. 1993-ல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் மல்டர், ஸ்கல்லி என்று இரண்டு எஃப்.பி.ஐ. ஏஜெண்ட்கள். இருவரும் காதலிக்க வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடவே கூடாது, அது தொடரையே கெடுத்துவிடும் என்று இன்னொரு கூட்டம். இணையம் வீடுகளுக்குள் வர ஆரம்பித்திருந்த காலம், அதற்குள் இரண்டு கட்சி. முதல் கட்சிக்கு 'ரிலேஷன்ஷிப்பர்' என்று பெயர் வந்தது, அது தேய்ந்து 'ஷிப்பர்' ஆனது. மறு கட்சிக்குப் பெயர் 'நோரோமோ', அதாவது ரொமான்ஸ் வேண்டாம் என்பவர்கள். சேர வேண்டும் என்று நினைக்கும் ஜோடியை நீ இன்றைக்கு 'என் ஷிப்' என்று சொல்கிறாயே, அந்தச் சொல்லே ஒரு சண்டைக்கு நடுவில் வளர்ந்ததுதான்.

காதல் கதை வேண்டும் என்றுகூட இல்லை. 'சூப்பர்நேச்சுரல்' 2005-லிருந்து 2020 வரை 15 சீசன், 327 எபிசோடு ஓடியது. டீன், சாம் என்று அண்ணன் தம்பி, ஒருவனுக்காக ஒருவன் உயிரைக் கொடுக்கத் துணிகிற கதை. அதற்கும் ரசிகர்களிடையே டீன் கட்சி, சாம் கட்சி உண்டு. அண்ணனும் தம்பியும் ஒரே காரில் ஏறிப் பேய் வேட்டைக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள், ரசிகர்கள் எவன் உசத்தி என்று வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். இதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாக இருக்கும், அந்தக் கதை சொல்ல வந்ததே வேறு.

கட்சி கட்ட மனிதனுக்குப் பெரிய காரணம் தேவையில்லை. ஹென்றி தாஜ்ஃபெல் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். க்ளீ, கண்டின்ஸ்கி என்ற இரண்டு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கிறது என்று கேட்டு, அதை வைத்துக் குழு பிரித்ததாகப் பையன்களிடம் சொன்னார்கள். உண்மையில் குழு பிரித்தது குருட்டாம்போக்கில். தன் குழுவில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பையன்களுக்குத் தெரியாது. பிறகு மற்றவர்களுக்குக் காசு பிரித்துக் கொடுக்கச் சொன்னால், தன் குழுவுக்கு நிறையக் கிடைப்பதைவிட, அடுத்த குழுவைவிட ஒரு படி கூடுதலாகக் கிடைப்பதைத்தான் அவர்கள் பெரிதாக நினைத்தார்கள். அதனால் தன் குழுவுக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தார்கள். ஒரு ஓவியத்துக்கே இந்த நிலை என்றால், நாலு வருஷம் தூக்கம் விட்டுப் பார்த்த கதைக்கு?

சரி, நீ என்ன செய்வது. குழுவை விட்டு வருவதா இருப்பதா என்று இன்றைக்கே முடிவெடுக்காதே, ஒரு மாதம் மியூட் போட்டுவிடு. தோழிக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்பு, எழுத்தில் வேண்டாம், குரலில். ஷிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கூடாது. 'தனியாகச் சொன்னதைப் பொதுவில் போட்டது எனக்கு ரொம்ப வலித்தது' என்று மட்டும் சொல். அவள் வருந்தினால் நாயகி யாரோடு வேண்டுமானாலும் போகட்டும், உனக்குத் தோழி திரும்பக் கிடைத்தாள். வருந்தாவிட்டால் பேச்சை அதோடு விடு. அவளுடைய ஸ்கிரீன்ஷாட்டும் உன்னிடம் இருக்கும், எனக்குத் தெரியும். அதை மட்டும் போட்டுவிடாதே.

ஒரே தொடரைப் பத்து தடவை பார்த்தவன் நான். போன மாதம் பார்க்க ஆரம்பித்தவர்கள் வந்து தீர்ப்பு சொல்கிறார்கள். உண்மையான ரசிகர் யார் என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டாமா?

வேண்டாம் தம்பி. 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடர் 1966-ல் வந்தது. இரண்டாவது சீசனோடு மூடிவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் சேனலுக்குக் கடிதமாக எழுதிக் குவித்தார்கள், மூன்றாவது சீசன் வந்தது. அதற்குப் பிறகு 1969-ல் நிறுத்தியே விட்டார்கள். அதை உலகம் முழுக்கக் கொண்டுபோன பெரும்படை எழுபதுகளில் மறு ஒளிபரப்பில் பார்த்தவர்கள், அதாவது தாமதமாக வந்தவர்கள். அவர்கள் சேர்ந்ததால்தான் 1979-ல் அது சினிமாவாகவும் வந்தது. கடிதம் எழுதிய முதல் ஆட்கள் வாசலில் நின்றுகொண்டு 'நீ லேட்' என்று திருப்பி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். பத்து தடவை பார்த்தவனிடம் புதியவன் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கும், நீ சொல்லிக்கொடு.

என் மகளுக்கு 15 வயது. ஒரு தொடரின் ரசிகர் குழுவே கதி என்று கிடக்கிறாள். ராத்திரி ஹேஷ்டேக் ட்ரெண்ட் செய்ய விழித்திருக்கிறாள், பிடித்த பாத்திரம் செத்துப்போன அன்று சாப்பிடவில்லை. போனைப் பிடுங்கிவிடலாமா? இதெல்லாம் வெட்டி வேலைதானே?

பிடுங்காதீர்கள் அம்மா, கொஞ்சம் பொறுங்கள். சாப்பிடாமல் இருந்தாள் என்றால் அவளுக்குள் நிஜமாகவே ஒரு துக்கம் நடந்திருக்கிறது. திரையில் அடிக்கடி பார்க்கிற ஒருவரோடு நமக்கு ஒருவழியான நெருக்கம் உண்டாகிவிடுகிறது என்று 1956-லேயே, டிவி வீடுகளுக்குள் பரவிக்கொண்டிருந்த நாட்களிலேயே, டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இருவர் எழுதினார்கள். அவரை நமக்கு நன்றாகத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது, இருந்தும் பாசம் பாசம்தான். உங்களுக்கும் எந்தக் கதாபாத்திரத்துக்காகவாவது கண் கலங்கியிருக்கும், அதைப் பற்றி அவளிடம் ஒரு நாள் பேசுங்கள்.

வெட்டி வேலை என்று மட்டும் சொல்லாதீர்கள். பிபிசி தன்னுடைய 'டாக்டர் ஹூ' தொடரின் அறுபதுகளில் வந்த எபிசோடுகள் பலவற்றை அழித்துவிட்டது. அன்றைக்கு வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சி பதிவு செய்யலாம், பழையதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம். ஆனால் படம் தொலைந்த எபிசோடுகள் எல்லாவற்றின் ஒலியும் இன்றைக்கு இருக்கிறது. எப்படி? ஒளிபரப்பான நேரத்திலேயே தங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரில் ரசிகர்கள் ஒலியைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். டிவி ஸ்பீக்கர் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரும் அரை மணி நேரம் பேசக்கூடாது என்று சொல்லி உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் அன்றைக்கு அதை என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

அப்புறம், 1989-ல் நின்றுபோன அதே தொடரை 2005-ல் திரும்பக் கொண்டுவந்த ரசல் டி. டேவிஸ், சின்ன வயதிலிருந்தே அதன் ரசிகர். 1986-ல் ஒரு டிவி நிகழ்ச்சியில் ரசிகர் கூட்டத்தோடு உட்கார்ந்து, கதை சரியில்லை என்று அதை எழுதியவர்களிடமே சொன்ன பதினாறு வயதுப் பையன் கிறிஸ் சிப்னல், 2018-ல் அந்தத் தொடருக்கே தலைமை எழுத்தாளரானார்.

தூக்கத்தில் மட்டும் கறாராக இருங்கள், ராத்திரி போன் உங்கள் அறையில் இருக்கட்டும். அப்புறம் அவள் குழுவில் யாரையாவது திட்டுகிறாளா, யாராவது அவளைத் திட்டுகிறார்களா என்று கேளுங்கள். எவ்வளவு நேரம் பார்க்கிறாய் என்பதைவிட இந்தக் கேள்வி முக்கியம்.

அக்கா, நான் ஒரு பெரிய ரசிகர் குழுவுக்கு அட்மின். தினம் சண்டை. சொம்பு, துரோகி, காசு வாங்கியவன் என்று இரண்டு பக்கமும் ஏசுகிறார்கள். ஒரு நடிகையை டேக் செய்து அசிங்கமாக எழுதும் அளவுக்குப் போய்விட்டது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

நடிகையை டேக் செய்பவரை இன்றைக்கே நீக்குங்கள், எச்சரிக்கை, இரண்டாவது வாய்ப்பு எதுவும் வேண்டாம். 'பிரேக்கிங் பேட்' தொடரில் நாயகனின் மனைவி ஸ்கைலராக நடித்தவர் அன்னா கன். கணவன் போதை மருந்து காய்ச்சுகிறான், அதை எதிர்த்து நின்ற பாவத்துக்காக அந்தப் பாத்திரத்தை ரசிகர்களில் ஒரு பகுதி வெறுத்தது. அந்த வெறுப்பு மெல்ல மெல்ல அவர் மேலேயே திரும்பியது, அவரைக் கொல்ல வேண்டும், எங்கே இருப்பார் என்று ஒருவர் இணையத்தில் கேட்கும் அளவுக்கு. 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் அவரே இதையெல்லாம் எழுதினார். நாயகன் மேல் வைத்த பக்திதான் அத்தனை தூரம் போனது.

இனி என் கதை ஒன்று. மூன்று வருஷம் நானும் அட்மினாக இருந்தேன். கடைசி எபிசோடு வந்த ராத்திரி, ஒன்றரை மணி இருக்கும், புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வில்லியின் பென்சில் படம் ஒன்றைப் போட்டான். இடது கண்ணுக்குக் கீழே அந்த நடிகைக்கு ஒரு சின்னத் தழும்பு உண்டு, அரிசி மணி அளவுகூட இருக்காது, அதையும் விடாமல் வரைந்திருந்தான். அத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவரும் அதைக் கவனித்ததில்லை. பத்தே நிமிஷத்தில் கீழே வசவு குவிந்துவிட்டது, எல்லாரும் என் கட்சி ஆட்கள், எனக்குத் தெரிந்த பெயர்கள். நான் ஆன்லைனில்தான் இருந்தேன். எனக்கும் அந்தப் பாத்திரத்தைப் பிடிக்காது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் படமும் இல்லை, அவனும் இல்லை. அவனைத் தேடி மன்னிப்புக் கேட்க முயன்றேன், கிடைக்கவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, முதலில் உங்கள் கட்சிக்காரரை நீக்குங்கள். எதிர்க் கட்சி ஆளை நீக்குவது எல்லா அட்மினுக்கும் சுலபம். சொந்தக் கட்சியில் வசை பாடும் ஒருவரை, அதுவும் பழைய நண்பரை நீக்கினால்தான் குழு உங்களை நம்பும். இரண்டு தரப்பிலிருந்தும் ஆளுக்கு ஒருவரை அட்மினாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசன் முடிவு வரும் ராத்திரிகளில் பதிவுகளை ஒப்புதலுக்குப் பிறகு மட்டும் விடுங்கள், கோபத்தில் எழுதியவர்களில் பாதிப் பேர் காலையில் தாங்களே அழித்துவிடச் சொல்வார்கள். தனிப்பட்ட உரையாடலின் ஸ்கிரீன்ஷாட் வந்தால் யார் சொன்னது சரி என்று விசாரிக்கவே வேண்டாம், போட்டவர் வெளியே. 'அந்தக் காட்சி கேவலம்' என்பது இருக்கட்டும், எவ்வளவு காரமாக எழுதினாலும் இருக்கட்டும், அதற்குத்தானே கூடியிருக்கிறோம். 'அதை ரசித்த நீ கேவலம்' என்று வந்தால் எடுத்துவிடுங்கள்.

ராத்திரி ஒன்றரை மணி ஆனாலும் எடுத்துவிடுங்கள்.

நான் உயிராய் நினைத்த தொடரைச் சொதப்பலாக முடித்துவிட்டார்கள். இரண்டு மாதமாக ஆற்றாமை தீரவில்லை. என்ன செய்யலாம்?

எழுதுங்கள். ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த கதைகளைத் தொடர்ந்து எழுதி வைப்பதற்கென்றே, ரசிகர்களே நடத்தும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' என்ற தளம் 2009-ல் ஆரம்பமானது. பத்து வருஷம் கழித்து 2019-ல் அறிவியல் புனைகதை உலகின் பெரிய விருதான ஹியூகோ அதற்குக் கிடைத்தது. அங்கே இருக்கும் கதைகளில் எத்தனையோ, உங்களைப் போல முடிவைத் தாங்க முடியாமல் யாரோ உட்கார்ந்து எழுதியவை. கடைசி எபிசோட்டில் எந்த இடத்தில் உங்களுக்கு நெஞ்சு அடைத்ததோ அந்தக் காட்சிக்கு ஒரு நிமிஷம் முன்னாலிருந்து ஆரம்பியுங்கள். முடித்ததும் எனக்கு அனுப்புங்கள், நிச்சயம் படிக்கிறேன். எந்தத் தொடர் என்று எழுத மறந்துவிட்டீர்கள், அதையும் சொல்லுங்கள்.