பழைய கப்போர்டு கதவுகளைப் பிடுங்கி எறியாமல் புதுசாக்க முடியுமா?

முடியும். "கதவெல்லாம் உறுதியாத்தான் இருக்கு, ஆனா மொட்டைப் பலகை மாதிரி பழசா தெரியுது, மாடுலர் கிச்சன்காரர் எல்லாத்தையும் எடுத்துடச் சொல்றார்" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நங்கநல்லூரில் எங்கள் ஃபிளாட் 1996இல் கட்டியது. சமையலறையில் மேலே ஆறு, கீழே ஒன்பது, ஆகப் பதினைந்து கதவுகள். முக்கால் இஞ்ச் பிளைவுட், மேலே கிரீம் கலர் எனாமல். மூன்று வருடத்துக்கு முன்னால் அளவெடுக்க வந்தவர் ஒரு கதவைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. "இதெல்லாம் எடுத்துப் போட்டுடலாம் மேடம்" என்று இரண்டே முக்கால் லட்சத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார். என்ன பலகை என்று கேட்டால் பார்ட்டிகிள் போர்டாம். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை அது. விளிம்பில் ஒட்டிய டேப் பிரிந்து தண்ணீர் உள்ளே போனால் உப்பிவிடும், அப்புறம் பழைய நிலைக்கு வராது. எங்கள் சிங்க்குக்குக் கீழே எத்தனையோ வருடம் பைப் கசிந்திருக்கிறது. அந்தப் பிளைவுட் கதவு இன்றைக்கும் நேராக நிற்கிறது.

மாடுலரே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல பிளைவுட்டில் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள், வசதி இருப்பவர்கள் செய்துகொள்ளட்டும். உங்கள் கதவுகளையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொதபொதவென்று சத்தம் வந்தாலோ கரையான் மண் தெரிந்தாலோ நான் சொல்லும் எதுவும் உதவாது, மாற்றத்தான் வேண்டும். கணீரென்று இருந்தால் மேலே படியுங்கள்.

முதல் தடவை நான் ஏமாந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெயின்டர் வந்தார், ஈரத்துணியால் துடைத்தார், கதவைக் கழற்றாமல் அன்றைக்கே பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இரண்டே மாதத்தில் அடுப்புக்கு மேலே இருக்கும் கதவின் ஓரத்தில் நகம் பட்டதும் பெயின்ட் பாலாடை மாதிரி உரிந்து கையோடு வந்தது. உரிந்த இடத்தின் அடியில் தேன் நிறத்தில் பொட்டுப் பொட்டாக இறுகிப்போன எண்ணெய்ப் பிசுக்கு. இத்தனை வருடத் தாளிப்பு அங்கே உட்கார்ந்திருக்கிறது. அதன் மேல் எந்த பெயின்ட்தான் நிற்கும்? பெயின்டர்களைப் பொதுவாகக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்தியது நான்தான்.

அடுத்த வருடம் பிப்ரவரியில் மறுபடி ஆரம்பித்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் இந்த வேலையை எடுக்காதீர்கள், காற்றின் ஈரத்தில் எதுவும் ஒழுங்காகக் காயாது. கதவுகளைக் கழற்றி, கீல் உட்காரும் பள்ளத்தில் ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதினேன். வேறு எங்கே எழுதினாலும் பெயின்டில் மறைந்துபோகும். சுடுதண்ணீரில் சலவை சோடா கரைத்து, கையுறை போட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்தேன். முதல் வாளித் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்து, ஒரு நாள் முழுக்க ஃபேனுக்கு அடியில் காயவிட்டேன். சோடா தங்கினாலும் பெயின்ட் பிடிக்காது.

ஒரு எச்சரிக்கை. வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் அடித்த எனாமலில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசியைப் பறக்கவிடாதீர்கள். 220 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, வழவழப்பு போகும்வரை தேய்த்தால் போதும். சின்னக் குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மொட்டைக் கதவுக்கு முகம் கொடுத்தது பெயின்ட் அல்ல, ஓரப் பட்டைதான். இரண்டு இஞ்ச் அகலத்தில் 6 மில்லிமீட்டர் பிளைவுட் பட்டைகளை நாலு ஓரத்திலும் சட்டம் போல ஒட்டச் சொன்னேன். எங்கள் தெருவிலேயே இருக்கும் கார்பென்டர் பெரியவர்தான் செய்தார். பட்டை உட்காரும் இடத்தில் மட்டும் பழைய பெயின்டை நனைத்து, மரம் தெரியும்வரை சுரண்டினார். பெயின்ட் மேல் ஃபெவிகால் பிடிக்காதாம். மூலையில் இருக்கும் இரண்டு கதவுகளுக்கு மட்டும் பட்டை வைக்கும் முன்னால் திறந்து மூடிக் காட்டினார். 6 மில்லிமீட்டர் கூடினாலே ஒன்றின் கைப்பிடி மற்றதில் இடிக்கும் என்றார். அப்படியே இடித்தது, கைப்பிடியைத் தள்ளி வைத்தோம். லூசாகிப் போன ஸ்க்ரூ ஓட்டைகளில் ஃபெவிகால் தோய்த்த மூங்கில் குச்சியை அடித்து, மறுநாள் ஸ்க்ரூ போட்டார். இன்னும் ஆடவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அடுக்ககத்தில் வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது. அறுபது வயதுக்கு மேலானவர், இரும்புச் சாமான் பையோடு மூன்று மாடி ஏறி இறங்கினார். சங்கத்தில் கேட்டால், லிஃப்ட் அழுக்காகுமாம். வாங்கும் பராமரிப்புப் பணத்தில் ஒரு துடைப்பத்துக்கு வழியில்லையா? கூட்டத்தில் எழுந்து கேட்டேன், பதில் இல்லை. இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

சரி, பெயின்ட். இடுக்குகளை அடைக்க லப்பம் பூசி, தேய்த்து, பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமர் ஒரு கோட். கதவைப் படுக்க வைத்து நாலு இஞ்ச் ஃபோம் ரோலரில் மெல்லிசாக இரண்டு கோட் எனாமல், நடுவில் ஒரு ராத்திரி இடைவெளி. தடியாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் வழியும். கதவின் கீழ் விளிம்பை மறக்காதீர்கள். யார் கண்ணுக்கும் தெரியாது என்று விட்டுவிடுகிறார்கள், தண்ணீர் ஏறுவது அங்கேதான். ஆயில் எனாமலில் சுத்த வெள்ளை வேண்டாம், போகப்போக மஞ்சளடிக்கும். நாங்கள் இளம் பச்சை எடுத்தோம்.

உங்களுடையது மைக்கா என்கிற லேமினேட் தாள் ஒட்டிய கதவு என்றால், பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டு, வழவழப்பான பரப்பில் பிடிக்கும் தனி பிரைமர் என்று கேட்டு வாங்குங்கள். சாதா மரப் பிரைமர் அதில் நிற்காது. வாடகை வீடானால் ஸ்டிக்கர் ஒட்டலாம், அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், சூட்டில் ஓரம் தூக்கும்.

கைப்பிடி வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். பழையவற்றில் ஓட்டைக்கு ஓட்டை நாலு இஞ்ச் இருக்கலாம், இப்போது கடையில் அதிகம் கிடைப்பது 96 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்று போலவே இருக்கும், ஸ்க்ரூ உட்காராது. ஹார்ட்வேர் கடைகள் இருக்கும் சைடன்ஹாம்ஸ் ரோட்டுக்கு நான் இரண்டு முறை அலைந்தது அதனால்தான்.

ஆள்கூலி, சாமான் எல்லாம் சேர்த்து எங்களுக்கு இருபத்தெட்டாயிரம் ஆனது. பெயின்ட் தொட்டால் ஒட்டாமல் காய்வது ஒரு நாளில், உள்ளே இறுகுவதற்கு இன்னும் நாளாகும். அதுவரை சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைக்காதீர்கள். கதவு மாட்டியபின் இரண்டு வாரம் எங்கள் வீட்டில் அப்பளம்கூடப் பொரிக்கவில்லை, சுட்டுத்தான் சாப்பிட்டோம்.